கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதைத் தரவுத்தளத்திடம் கேட்பது எப்படி?

மொரீஷியஸில் ஒருவருக்கு ரோஸ் ஹில் பக்கம் மூன்று அறை உள்ள வீடு வேண்டும். மாத வாடகை 15000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வாடகை வீடு தேடும் வலைப்பக்கத்தில் கட்டங்களை நிரப்பிப் பொத்தானை அழுத்துகிறார். உலாவியின் முகவரிக் கோடு இப்படி மாறுகிறது:

/வீடுகள்?மாவட்டம்=பிளேன்+வில்ஹெம்ஸ்&அறை=3&அதிகபட்சம்=15000&வரிசை=வாடகை&பக்கம்=1

அடுத்த நொடி பொருத்தமான வீடுகள் திரையில் வருகின்றன. இடையில் சர்வர் செய்த வேலை, அந்தக் கோட்டைத் தரவுத்தளத்திடம் பேசும் மொழியான எஸ்கியூஎல்லில் இப்படி ஒரு வாக்கியமாக மாற்றியது:

செலக்ட் எண், ஊர், அறை, வாடகை
ஃப்ரம் வீடுகள்
வேர் மாவட்டம் = ? ஆண்ட் அறை = ? ஆண்ட் வாடகை <= ?
ஆர்டர் பை வாடகை, எண்
லிமிட் 20 ஆஃப்செட் 0

(படிக்க எளிதாக இருக்கட்டும் என்று கட்டளைச் சொற்களும் புலப்பெயர்களும் இங்கே தமிழ் எழுத்தில் உள்ளன. கணினியில் ரோமன் எழுத்தில்தான் தட்டுவீர்கள். புலம் என்பது அட்டவணையின் ஒரு நெடுவரிசை. செலக்ட் எந்தப் புலங்கள் வேண்டும் என்றும், ஃப்ரம் எந்த அட்டவணை என்றும், வேர் என்ன நிபந்தனை என்றும், ஆர்டர் பை எந்த வரிசை என்றும் சொல்கிறது. லிமிட் எத்தனை பதிவு, ஆஃப்செட் எத்தனை பதிவைத் தாண்டி. ? என்பது மதிப்பு வந்து சேரும் காலியிடம். எண் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய தனி அடையாள எண்.)

பார்வைக்கு இது வெறும் சொல்மாற்று வேலை. ஆனால் முதல் கோட்டை எழுதியவர் யாரோ ஒரு வெளியாள். இரண்டாவதை எழுத வேண்டியவர் நீங்கள். வெளியாள் மதிப்புகளைத் தரலாம், வாக்கியத்தின் ஒரு சொல்லைக்கூட அவர் எழுதக் கூடாது. கீழே வரும் எல்லா விதிகளும் இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கின்றன.

கோட்டைப் பிரிப்பது

கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது பாதை. அதற்குப் பின்னால் # வரும் வரை இருப்பதுதான் குவெரி. # குறிக்குப் பின்னால் உள்ளது உலாவியிலேயே நின்றுவிடும், சர்வருக்கு வராது. குவெரியில் ஒவ்வொரு ஜோடியும் & குறியால் பிரிகிறது; ஜோடிக்குள் = குறிக்கு இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் மதிப்பு.

மதிப்புக்குள்ளேயே & வந்தால் ஜோடி தவறான இடத்தில் உடையும். அதனால் அதை %26 என்று குறியாக்கி அனுப்ப வேண்டும். இடைவெளி %20 ஆகவோ, படிவத்திலிருந்து வந்தால் + ஆகவோ வரும். உண்மையான + குறி %2B (இரண்டுக்குப் பின் பி எழுத்து) ஆகும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழுக்குக் குறி ஒன்றுக்கு மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் % சேர்ந்து மூன்று இடம் பிடிக்கும். 'மோகா' என்ற நான்கு குறிச் சொல் (ம, ஓகாரக் குறி, க, கால்) முகவரிக் கோட்டில் 36 இடமாகிவிடுகிறது. அப்பாச்சி சர்வர், அமைப்பை மாற்றாதவரை, வேண்டுகோளின் முதல் வரியை 8190 பைட்டுக்கு மேல் ஏற்காது. நீண்ட தமிழ்ப் பத்தியை யூஆர்எல்லில் அனுப்பத் திட்டமிட்டால் இந்தக் கணக்கை மறக்க வேண்டாம்.

பிரிப்பதையும் குறிநீக்குவதையும் நீங்களே எழுதாதீர்கள். நீங்கள் பயன்படுத்தும் ஃப்ரேம்வொர்க் (வலைத்தளம் கட்ட உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு) அதைச் செய்து முடித்துத்தான் உங்களிடம் தருகிறது. நீங்கள் மறுபடியும் குறிநீக்கினால் தவறு நுழைகிறது: %2527 என்பது முதல் முறையில் %27 ஆகும், இரண்டாம் முறையில் ஒற்றை மேற்கோள் ஆகிவிடும். இடையில் வைத்திருந்த எந்தச் சோதனையும் அந்த மேற்கோளைப் பார்த்திருக்காது.

ஒரே பெயர் இரண்டு முறை வந்தால்? ?ஊர்=ரோஸ்+ஹில்&ஊர்=பூ+பாசன் என்று வந்தால் ஒவ்வொரு வலை நிரல் கருவியும் ஒவ்வொரு விதம்: பிஹெச்பியும் ஜாங்கோவின் கெட் முறையும் கடைசி மதிப்பைத் தரும். ஃபிளாஸ்க் முதல் மதிப்பைத் தரும். எக்ஸ்பிரஸ் இரண்டையும் ஒரு பட்டியலாகத் தரும். ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) வரும் என்று நம்பி எழுதிய வரி, பட்டியல் வந்ததும் முறிந்துவிடும். எக்ஸ்பிரஸ் 4இல் இன்னொரு கவனமும் வேண்டும்: பெயருக்குப் பின் சதுர அடைப்புக்குறி போட்டு அனுப்பினால் ஒரு ஆப்ஜெக்டே (பெயர்களும் மதிப்புகளும் அடங்கிய பொதி) வந்து சேரும். அதைத் திறந்து பார்க்காமல் மாங்கோடிபி என்ற தரவுத்தளத்தின் தேடலுக்குக் கொடுத்தால், 'இதைவிடப் பெரியது' போன்ற கட்டளையை வெளியாளே எழுதிவிட முடியும். கையில் இருப்பது ஸ்ட்ரிங்தானா என்று முதலில் பாருங்கள்.

எல்லாமே எழுத்துதான்

யூஆர்எல்லில் எண் என்று ஒன்று இல்லை. அறை=3 என்பதில் உள்ள 3 ஓர் எழுத்து, அவ்வளவே. எண்ணாக்குவது உங்கள் பொறுப்பு. தொடங்குகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

படிவத்தில் அறைக் கட்டத்தைக் காலியாக விட்டால் உலாவி அந்தப் பெயரையே விட்டுவிடாது; அறை= என்று வெற்று மதிப்போடு அனுப்பும். ஜாவாஸ்கிரிப்ட்டின் நம்பர் செயற்கூறு வெற்று ஸ்ட்ரிங்கை 0 ஆக்கும். 'அறை = 0' என்று தேடினால் ஒரு வீடும் கிடைக்காது. எந்த அறை எண்ணிக்கையும் பரவாயில்லை என்று விட்டவருக்கு 'வீடே இல்லை' என்று பதில் போகும். பைத்தானில் இன்ட் செயற்கூறு வெற்று ஸ்ட்ரிங்குக்குப் பிழை எறியும்; அதைப் பிடிக்காவிட்டால் 500, அதாவது 'சர்வரில் பிழை' என்ற பதில் போகும். ஆகவே பெயரே வராதது, வெறுமையாக வந்தது, தவறாக வந்தது ஆகிய மூன்றையும் தனித்தனியாக நடத்துங்கள். முதல் இரண்டுக்கும் நிபந்தனையே சேர்க்க வேண்டாம். மூன்றாவதற்கு 400 ('வேண்டுகோள் தவறு') பதிலோடு எந்தக் கட்டத்தில் என்ன தவறு என்று சொல்லுங்கள்.

மொரீஷியஸில் ஆயிரத்தைப் பிரிக்கச் சிலர் காற்புள்ளி போடுவார்கள். பிரெஞ்சு வழக்கப்படி இடைவெளி விடுகிறவர்களும் உண்டு. '15 000' என்று ஒருவர் தட்டினால் ஜாவாஸ்கிரிப்ட்டின் பார்ஸ்இன்ட் அதை 15 என்று படிக்கும். மாத வாடகை 15 ரூபாய்க்குள் வீடு! பிழையும் வராது, பட்டியலும் வராது. நம்பர் செயற்கூறு இதை எண் அல்ல என்று சொல்லிவிடும், அது பரவாயில்லை. முதலில் இடைவெளியையும் காற்புள்ளியையும் நீக்கி, மிஞ்சியது முழுக்க இலக்கங்கள்தானா என்று பார்த்து, பிறகு எண்ணாக்குவதே நல்லது. இடைவெளி என்றால் சாதாரண இடைவெளி மட்டுமல்ல. வரி உடையாமல் காக்கும் இடைவெளியும் ஒட்டி வரலாம்.

தமிழருக்கென்றே ஒரு நுணுக்கம்: பைத்தானின் இன்ட், தமிழ் இலக்கமான ௩ஐயும் 3 என்று ஏற்கும். ஜாவாஸ்கிரிப்ட் ஏற்காது. ஒரே தளத்தின் உலாவிப் பக்கச் சோதனை மறுத்ததை சர்வர் ஏற்றால், அல்லது முன்பக்கம் ஏற்காததை யாரோ நேரடியாக அனுப்பினால், காரணம் தெரியாமல் தேடுவீர்கள். எந்த இலக்கங்கள் செல்லும் என்று நீங்களே முடிவெடுத்து இரு பக்கமும் அதையே எழுதுங்கள்.

ஆம், இல்லை மதிப்புகளிலும் இதே கதை. வாகன_இடம்=ஃபால்ஸ் (இல்லை) என்று வருவது வெறுமை அல்லாத ஸ்ட்ரிங். நிரல் அதை 'ஆம்' என்றே எடுத்துக்கொள்ளும். ஏற்கும் சொற்களை வெளிப்படையாக ஒப்பிடுங்கள்.

எண்ணாக்கிய பின் எல்லை பாருங்கள். அறை 1 முதல் 10 வரை, வாடகை 0க்கு மேல், குறைந்தபட்சம் அதிகபட்சத்தைத் தாண்டக் கூடாது. தரவுத்தளத்திலும் வாடகைப் புலம் எண் வகையாக இருக்க வேண்டும். எழுத்து வகையில் சேமித்தால் '9000' என்பது '15000'ஐவிடப் பெரியதாகிவிடும். முதல் எழுத்து 9 என்பதே அதற்குப் போதும்.

மாவட்டம் போன்ற பாராமீட்டருக்கு (குவெரியில் வரும் பெயர்-மதிப்பு ஜோடிக்கு) இன்னும் இறுக்கமான சோதனை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. மொரீஷியஸ் தீவில் மாவட்டங்கள் ஒன்பதே: போர்ட் லூயிஸ், பாம்பிள்முஸ், ரிவியேர் து ராம்பார், ஃபிளாக், கிராண்ட் போர்ட், சவான், பிளேன் வில்ஹெம்ஸ், மோகா, பிளாக் ரிவர். ரோட்ரிக்ஸ் தீவையும் சேர்த்தால் பத்து. பட்டியலில் இல்லாத மதிப்பு வந்தால் தரவுத்தளம் வரை போகவே வேண்டாம், 400 அனுப்பிவிடலாம். பெயருக்குப் பதில் சிறு குறியீட்டு எண் ஒன்றை அனுப்பச் செய்தால் எழுத்துப்பிழைச் சிக்கலும் ஒழியும்.

ஓர் ஒற்றை மேற்கோள்

தீவின் தெற்கில் ல'எஸ்காலியே என்று ஓர் ஊர். கிழக்கில் த்ரூ த'ஓ தூஸ். இரண்டிலும் பெயரின் நடுவே ஒற்றை மேற்கோள். எஸ்கியூஎல்லில் எழுத்து மதிப்பு தொடங்குவதும் முடிவதும் அதே குறியால்தான். இனி, ஸ்ட்ரிங்கை ஒட்டி வாக்கியம் கட்டும் பழக்கத்தைப் பாருங்கள் (வெளியீடு = 1 என்றால் வெளியிடப்பட்ட வீடு):

"செலக்ட் * ஃப்ரம் வீடுகள் வேர் வெளியீடு = 1 ஆண்ட் ஊர் = '" + ஊர் + "'"

ல'எஸ்காலியே என்று தேடினால் தரவுத்தளத்துக்குப் போவது இது:

... வேர் வெளியீடு = 1 ஆண்ட் ஊர் = 'ல'எஸ்காலியே'

மதிப்பு 'ல' என்பதோடு முடிந்துவிட்டது. மீதியைக் கட்டளையாகப் படிக்க முயன்று தரவுத்தளம் இலக்கணப் பிழை என்று திரும்புகிறது. அந்த ஊரில் வீடு தேடும் எல்லோருக்கும் பக்கம் உடையும். இதை ஒரு சிறு பிழையாக நினைத்து ஒதுக்காதீர்கள். பூட்டு திறந்து கிடக்கிறது என்பதற்கு அடையாளம் இது. தீய எண்ணத்தோடு வருகிறவர் ஊர் கட்டத்தில் ' ஆர் '1'='1 என்று எழுதுவார்:

... வேர் வெளியீடு = 1 ஆண்ட் ஊர் = '' ஆர் '1'='1'

ஆண்ட் முதலில் பிணையும், ஆர் பிறகு. ஆகவே 'வெளியீடு = 1 என்றும் ஊர் வெறுமை என்றும் இருந்தால், அல்லது 1 ஒன்றுக்குச் சமம் என்றால்' என்று பொருளாகிறது. 1 எப்போதும் 1க்குச் சமம். இன்னும் வெளியிடாத வீடுகள் உட்பட அட்டவணை முழுதும் வெளியே போகும். எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் என்பது இதுதான். இது போன்ற ஊடுருவல்கள் வலைப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்பின் 2010, 2013, 2017 ஆண்டு ஆபத்துப் பட்டியல்கள் மூன்றிலும் முதலிடத்தில் இருந்தன.

மேற்கோள் குறியைத் தேடிப்பிடித்து நீக்குவது மருந்தாகாது. நீக்கினால் ல'எஸ்காலியே என்ற ஊரே தரவில் பொருந்தாமல் போகும், எண் புலங்களில் மேற்கோள் இல்லாமலே தாக்கலாம். சரியான வழி, வாக்கியத்தையும் மதிப்பையும் தனித்தனியாக அனுப்புவது. வாக்கியத்தில் மதிப்பு வரும் இடத்தில் ஒரு காலியிடக் குறி. மதிப்புகள் அதே வரிசையில் தனிப் பட்டியலாக. தரவுத்தளம் வாக்கியத்தின் அமைப்பை முதலிலேயே படித்து முடித்துவிடுவதால், பின்னால் வரும் மதிப்பில் எத்தனை மேற்கோள் இருந்தாலும் அது வெறும் எழுத்துதான். இந்தக் குறி தரவுத்தள மென்பொருளுக்கு ஏற்ப மாறும்: எஸ்கியூலைட்டில் ?, போஸ்ட்கிரெஸில் $1, $2. பைத்தானின் சைகோபிஜி நூலகத்தில் விழுக்காட்டுக் குறியோடு எஸ் எழுத்து. கடைசியானதைப் பைத்தானின் சொந்த ஸ்ட்ரிங் வடிவமைப்போடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு: வாக்கியத்துக்குப் பின் விழுக்காட்டுக் குறி போட்டு மதிப்பை நீங்களே ஒட்டினால் பாதுகாப்பு எதுவும் இல்லை. மதிப்பை எக்ஸிகியூட் செயற்கூறின் இரண்டாவது அளபுருவாகத் தர வேண்டும்.

வாக்கியத்தைக் கட்டுவது

இனி, வராத பாராமீட்டர்களை எப்படிச் சமாளிப்பது? எந்தப் பெயர் எந்தப் புலத்துக்கும் எந்த ஒப்பீட்டுக்கும் போகிறது என்று ஓர் அகராதியை உங்கள் நிரலில் எழுதுங்கள். மாவட்டம் என்றால் 'மாவட்டம் = ?', அறை என்றால் 'அறை = ?', அதிகபட்சம் என்றால் 'வாடகை <= ?'. வேண்டுகோளில் வந்தவற்றைச் சுற்றி வராதீர்கள். இந்த அகராதியைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் சரியான மதிப்பு வந்திருந்தால் நிபந்தனைத் துண்டை ஒரு பட்டியலிலும் மதிப்பை இன்னொரு பட்டியலிலும் ஒரே நேரத்தில் சேருங்கள். முடிவில் துண்டுகளை ' ஆண்ட் ' என்று கோத்துவிடலாம். ஒரு நிபந்தனையும் சேராவிட்டால் வேர் என்ற சொல்லையே விட்டுவிட வேண்டும், இல்லையேல் வாக்கியம் அறுந்து நிற்கும்.

வந்த பெயரையே புலப்பெயராகப் பயன்படுத்துவது வேலையைக் குறைப்பதுபோலத் தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால் பக்கத்தில் காட்டாத புலங்களாலும் வெளியாள் வடிகட்ட முடியும். உரிமையாளரின் தொலைபேசி எண் திரையில் தெரியாது என்று இருப்பீர்கள். அவர் ஒவ்வோர் இலக்கமாகத் தேடி, வீடு வருகிறதா இல்லையா என்பதை வைத்தே எண்ணைக் கண்டுபிடித்துவிடுவார்.

பயனர் தேர்ந்தெடுக்கும் நிபந்தனைகள் வேறு, நீங்கள் எப்போதும் வைக்கும் நிபந்தனைகள் வேறு. 'வெளியீடு = 1' (முதல் எடுத்துக்காட்டில் எளிமைக்காக விட்டது) எப்போதும் இருக்க வேண்டும். 'என் வீடுகள்' பக்கத்தில் உரிமையாளர் எண் உள்நுழைவுத் தகவலிலிருந்து வர வேண்டும், யூஆர்எல்லிலிருந்து வரக் கூடாது. உரிமையாளர்=7 என்பதை 8 என்று மாற்ற யாருக்கும் ஒரு விசை போதும். காலியிடக் குறி இதைத் தடுக்காது. வாக்கியம் சரியாகவே இருக்கும், கேட்ட ஆள்தான் தவறு.

ஒரே பாராமீட்டருக்குப் பல ஊர்கள் வந்தால் 'இன்' (இவற்றுள் ஏதாவது ஒன்று) என்ற ஒப்பீடு வேண்டும். மூன்று ஊர் என்றால் மூன்று காலியிடக் குறிகளை எண்ணிப் போட வேண்டும். பட்டியல் காலியாக இருந்தால் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டும் வெற்று அடைப்புக்குறியைப் பிழை என்று தள்ளும். நீங்களே ஆர் போட்டு நிபந்தனை சேர்க்கும்போது அதை அடைப்புக்குறிக்குள் வையுங்கள். மேலே தாக்கியவர் பயன்படுத்திய அதே பிணைப்பு விதி உங்கள் வாக்கியத்தையும் குலைக்கும்.

சொல்லில் தேடுவது

சொல்லின் ஒரு பகுதியை வைத்துத் தேடும் லைக் ஒப்பீட்டில் % என்றால் எத்தனை எழுத்தும், _ என்றால் ஏதாவது ஓர் எழுத்து. பயனர் '100%' என்று தேடினால் அந்த % அவர் சொன்ன % ஆக இருக்காது. காலியிடக் குறியும் இங்கே உதவாது, ஏனென்றால் இந்தக் குறிகளுக்குப் பொருள் தருவது லைக்தான். அவற்றுக்கு முன் தப்பிப்புக் குறி (அடுத்து வருவதை வெறும் எழுத்தாகவே எடு என்று சொல்லும் குறி) சேர்த்து அனுப்புங்கள். '%ஹில்%' என்று முன்னாலேயே % போட்டால் சாதாரண இன்டெக்ஸ் (விரைந்து தேடத் தரவுத்தளம் வைத்திருக்கும் வரிசைப்பட்டியல்) பயன்படாது. ஒவ்வொரு பதிவையும் தரவுத்தளம் படிக்க வேண்டிவரும். சில நூறு வீடுகளுக்குக் கவலை இல்லை.

ஒரே சொல் இரண்டு வடிவில் சேமிக்கப்பட்டிருப்பது இதைவிடத் தொல்லை. 'மோகா' என்பதில் உள்ள மோவை ம, ஓகாரக் குறி என்று இரண்டு குறிகளாக எழுதலாம். ம, ஏகாரக் குறி, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே. தரவுத்தளத்துக்கு நான்கு குறிச் சொல்லும் ஐந்து குறிச் சொல்லும் வெவ்வேறு. பிரெஞ்சு ஊர்ப்பெயர்களில் சாய்கோடு ஏறிய எழுத்துகளுக்கும் இப்படி இரு வடிவம் உண்டு. சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இரு வடிவத்தையும் ஒன்றாக்கும் முறைக்கு) மாற்றிவிட்டால் தீர்ந்தது. கைபேசி தானாகப் போடும் வளைந்த மேற்கோளும் ( ’ ) நேர் மேற்கோளும் என்எஃப்சியால் ஒன்றாகாது. அதைத் தனியே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ல'எஸ்காலியேவுக்கு மறுபடியும் வீடு இல்லை.

வரிசையும் பக்கமும்

வரிசை என்பது வெறும் அழகு அல்ல என்று மொரீஷியஸ் தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1998இல் வந்த புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே இறக்கப்பட்டதும், எழுந்த எதிர்ப்பில் அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. தேடல் பக்கத்திலும் முதலில் எது வருகிறதோ அதைத்தான் பெரும்பாலோர் பார்ப்பார்கள்.

ஆர்டர் பை பகுதியில் காலியிடக் குறி வேலை செய்யாது. 'ஆர்டர் பை ?' என்று எழுதி 'வாடகை' என்று அனுப்பினால் அது புலப்பெயராகாது, ஒரு மாறாத சொல்லாகிறது. எல்லாப் பதிவுக்கும் அதே சொல் என்பதால் பெரும்பாலும் பிழையும் வராது, வரிசையும் மாறாது. அதற்காக வந்த சொல்லை ஒட்டிவிடவும் கூடாது. வாடகை, அறை, புதியது என்று ஏற்கும் சொற்களுக்கு ஓர் அகராதி வைத்து, நீங்கள் எழுதிய புலப்பெயரை எடுத்து ஒட்டுங்கள். ஏறுவரிசை, இறங்குவரிசைக்கும் அப்படியே.

கடைசியில் எப்போதும் வீட்டின் அடையாள எண் உள்ள 'எண்' புலத்தைச் சேருங்கள். 12000 ரூபாய்க்கு முப்பது வீடுகள் இருந்தால் அவற்றுக்குள் எது முன், எது பின் என்று தரவுத்தளம் உறுதி தருவதில்லை. முதல் பக்கத்தில் வந்த வீடு இரண்டாம் பக்கத்திலும் வரும், வேறொரு வீடு எந்தப் பக்கத்திலும் வராமல் போகும். வாடகை, எண் என்று எழுதினால் இது நின்றுவிடும்.

பக்கத்துக்கு 20 என்றால் ஆஃப்செட் = (பக்கம் - 1) × 20. பக்கம்=0 என்று வந்தால் -20 ஆகும்; போஸ்ட்கிரெஸ் பிழை சொல்லும். பக்க அளவைப் பயனர் தேர்ந்தெடுக்க விட்டால் உச்சவரம்பு 100 போதும், இல்லையென்றால் பத்து லட்சம் கேட்கிறவரும் வருவார். பக்கம் 5000 கேட்டால் தரவுத்தளம் 99980 பதிவுகளைப் படித்து எறிந்துவிட்டுத்தான் 20ஐத் தரும். பெரிய அட்டவணைகளில் கடைசியாகக் காட்டிய பதிவின் வாடகையையும் எண்ணையும் அனுப்பி, அதற்குப் பின் வருவனவற்றைக் கேட்பது நல்லது. இன்டெக்ஸ் போடும்போது சமம் பார்க்கும் புலம் முன்னால், வரம்பு பார்க்கும் புலம் பின்னால்: (மாவட்டம், வாடகை, எண்).

தெரியாத பெயரும் தவறான பெயரும்

அதிகபட்சம் என்பதை யாரோ அதிகபச்சம் என்று எழுதிவிட்டால்? கண்டுகொள்ளாமல் விட்டால் வாடகை வரம்பே இல்லாமல் எல்லா வீடும் வரும், கேட்டவர் அதைச் சரியான பதில் என்று நம்புவார். நிரல்கள் ஒன்றையொன்று அழைக்கும் ஏபிஐயில் தெரியாத பெயருக்கு 400 தருவதே நேர்மை. மனிதர்கள் திறக்கும் பக்கத்தில் அப்படிச் செய்ய முடியாது. ஃபேஸ்புக் போன்ற தளங்களிலிருந்து வரும் இணைப்புகளில் அவை தாமாகவே பாராமீட்டர் ஒட்டி அனுப்புகின்றன. அதற்காக வாசகரைத் திருப்பி அனுப்புவது தவறு. அங்கே தெரியாததை விட்டுவிட்டு, எந்த நிபந்தனைகள் பயன்பட்டன என்பதைப் பட்டியலின் மேல் தெளிவாகக் காட்டுங்கள்: 'பிளேன் வில்ஹெம்ஸ், 3 அறை, 15000 ரூபாய் வரை'.

தேடியது சரி, வீடுதான் இல்லை என்றால் பதில் 200 ('சரி'), பட்டியல் வெறுமை. அதை 404 ('பக்கம் இல்லை') ஆக்க வேண்டாம். தரவுத்தளம் சொன்ன பிழைச் செய்தியைப் பயனருக்கு அப்படியே காட்டவும் வேண்டாம்; அட்டவணைப் பெயரும் புலப்பெயரும் அதில் வெளியே போகும். பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். யூஆர்எல்லும் சர்வர் பதிவேட்டில், உலாவி வரலாற்றில், நடுவில் உள்ள ப்ராக்ஸிகளில் (இடைநிலைக் கணினிகளில்) தங்கிவிடும் என்பதால், கடவுச்சொல்லோ அடையாள அட்டை எண்ணோ அதில் வரும்படி படிவம் அமைக்காதீர்கள்.

தேடல் பக்கம் தரவுத்தளத்தோடு இணையும் பயனர்கணக்குக்கு, வீடுகள் அட்டவணையைப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். எங்கோ ஒரு வரியில் கவனம் தவறினாலும் அழிக்கவோ திருத்தவோ அந்தக் கணக்கால் முடியாது. வேலை முடிந்ததும் சோதிக்க இவற்றை ஒவ்வொன்றாக முகவரிக் கோட்டில் தட்டிப் பாருங்கள்: அறை= , அறை=மூன்று, அதிகபட்சம்=15+000, ஊர்=ல%27எஸ்காலியே, ஊர்=100%25, பக்கம்=0, பக்கம்=-1, வரிசை=கடவுச்சொல், ஒரே ஊர் இரண்டு முறை. ஒன்றுக்காவது 500 வந்தால் அந்தப் பாராமீட்டரில் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.